வாசகர் கேள்வி: பாட்டிலில் ஏன் பாய்மரக் கப்பல்?

ராயபுரம் வாசகர்: துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறோம். ஷேவிங்குக்குப் பிறகு முகத்தில் தடவும் ஓல்டு ஸ்பைஸ் லோஷன் பாட்டிலில் இருக்கிற மாதிரிக் கப்பலைப் பார்த்ததே இல்லை. அது நிஜக் கப்பலா, கற்பனையா?

நிஜம்தான். முதலில் இடம்பிடித்தது 'கிராண்ட் டர்க்'. அமெரிக்காவின் சேலம் ஊர் வணிகர் எலியாஸ் ஹாஸ்கெட் டெர்பியின் கப்பல் (மாம்பழச் சேலம் அல்ல!). 1786-இல் சீனாவின் கான்டன் துறைமுகம் வரை போனது. பிறகு 'ஃப்ரெண்ட்ஷிப்' போன்ற வேறு கப்பல்களும் பாட்டிலில் வந்தன.

இன்னொரு வேடிக்கை: வில்லியம் லைட்ஃபுட் ஷுல்ட்ஸ் தொடங்கிய ஷுல்டன் கம்பெனி 1937-இல் ஓல்டு ஸ்பைஸ் என்ற பெயரில் முதலில் விற்றது பெண்களுக்கான வாசனைப் பொருள். ரோஜா இதழ், கிராம்பு எல்லாம் போட்டு அவர் அம்மா வைத்திருந்த ஜாடியின் வாசனைதான் அதற்கு மூலம். ஆண்கள் சரக்கு 1938-இல் வந்தது. பழங்கால அமெரிக்கா என்ற தோரணை வேண்டும், அதற்குத்தான் கப்பல். 1990-இல் பிராண்டு ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கைக்கு மாறியது. 1992-இல் கப்பல் போய்ச் சின்னப் பாய்ப்படகு வந்தது. பழைய கம்பீரம் அதில் இல்லை என்பது எங்கள் கட்சி.

வியாசர்பாடி வாசகர்: அந்தக் காலத்து அலைச்சறுக்கு விளம்பரத்தில் அதிர அதிர வந்த இசை எது?

ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் 'கார்மினா புரானா'வில் வரும் 'ஓ ஃபார்ச்சூனா'. அதுவும் 1937-இல் அரங்கேறியதுதான். குதிரை மேல் உட்கார்ந்து ஐசையா முஸ்தஃபா என்ற நடிகர் பேசுவாரே, அது 2010 விளம்பரம். விற்றது ஆஃப்டர்ஷேவ் இல்லை, பாடி வாஷ். கடையில் அதை வாங்கி வருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் என்பதால் பேச்சு முழுக்க அவர்களைப் பார்த்தே.

பெரம்பூர் வாசகர்: தாத்தாவின் பெட்டியில் பாதி பாட்டில் கிடைத்தது. போடலாமா?

மூடி வழியாக ஆல்கஹால் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்திருக்கும். முதலில் போவது மேலோட்டமான வாசனை. கிராம்பு வாடை மட்டும் தூக்கலாக நிற்கும். கலங்கியிருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இல்லையென்றால்தான் முகத்துக்கு. மூடி இறுகியிருந்தால் பாட்டிலின் கழுத்தைச் சுற்றி வெந்நீரில் நனைத்த துணி போதும். அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள், உள்ளே இருப்பது தீப்பிடிக்கிற சரக்கு. ஜன்னல் வெயிலும் ஆகாது.

தண்டையார்பேட்டை வாசகர்: சலூனில் படிகாரம் தேய்த்த பிறகு லோஷனும் வேண்டுமா? எரிகிறதே!

இரண்டும் ஒரே வேலை இல்லை. படிகாரம் சதையைச் சுருக்கி ரத்தக் கசிவை நிறுத்தும். லோஷனில் இருக்கும் ஆல்கஹால் கிருமியைக் கொல்லும். தோலில் சூட்டை உணரும் நரம்பை அது உசுப்பிவிடுவதால், சாதாரண உடல் சூடே நெருப்பாகத் தெரியும். பிளேடு மழுங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் அதிகம், எரிச்சலும் அதிகம். படிகாரத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவி, முகத்தை ஒற்றியெடுத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே நாலைந்து சொட்டு உள்ளங்கையில் தேய்த்துத் தட்டுங்கள். வறண்ட சருமம், பரு இருந்தால் ஆல்கஹால் இல்லாத ஆஃப்டர்ஷேவ் களிம்பு (balm) வாங்குங்கள்.