ஜோனதன் கோல்ட்: நாக்கும் காதும் உள்ள விமர்சகர் (கேள்வி பதில்)

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் உணவு விமர்சகர் ஜோனதன் கோல்ட் (1960–2018) பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள். அந்த ஊரில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். அவருடைய பத்தியைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போனவன். என் தகுதி அவ்வளவுதான். எங்கே என்ன சாப்பிடலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: சாப்பாடு பற்றி எழுதுபவருக்கு, அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கொடுத்தார்களா?

பதில்: கொடுத்தார்கள். 2007இல், விமர்சனப் பிரிவில். உணவக விமர்சகர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. பெரிய நாளேட்டில் எழுதியதற்கும் அல்ல. தெருவோரப் பெட்டியில் இலவசமாகக் கிடைத்த 'எல்.ஏ. வீக்லி' என்ற வார இதழில் எழுதியதற்கு.

கேள்வி: இசை பற்றியும் எழுதினார், உணவு பற்றியும் எழுதினார் என்கிறார்கள். இப்படி எல்லாவற்றிலும் கை வைப்பவர் எதிலாவது ஆழமாக இருக்க முடியுமா?

பதில்: நல்ல கேள்வி. இதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

கோல்ட் செல்லோ என்ற பெரிய வயலின் வகை வாத்தியம் வாசித்தவர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் இசை படித்தவர். 1982இல் எல்.ஏ. வீக்லியில் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு அதே இதழின் இசைப் பகுதிக்கு ஆசிரியரானார். மேற்கத்திய செவ்வியல் இசையில் வளர்ந்த அந்தக் காதுதான் 1980களின் இறுதியில் ராப் பக்கம் திரும்பியது. ராப் கலைஞர் டாக்டர் டிரே பற்றி 'ரோலிங் ஸ்டோன்' இதழில் 1993இல் எழுதியவரும் இவரே. 'கவுண்டர் இன்டெலிஜென்ஸ்' என்ற உணவுப் பத்தி 1986இலேயே தொடங்கிவிட்டது. ஆக, ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்தவர் அல்லர். இரண்டையும் பல காலம் ஒன்றாகவே எழுதினார்.

இதில் என் கட்சி இது: காது பழகியதால் நாக்குக்கு நிதானம் வந்தது. மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்து மோலே குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பலவகை மிளகாய், எள், கடலை, மசாலாச் சாமான்கள், சில வகைகளில் சாக்லேட். 'காரசாரமாக இருந்தது' என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாம். கோல்ட் அப்படி எழுந்திருக்க மாட்டார். எது முதலில் தலைகாட்டியது, எது பின்வாங்கியது, விழுங்கிய பிறகு எது தங்கியது என்று வரிசையாகச் சொல்வார். கச்சேரியில் ஆலாபனையைப் பின்தொடர்கிறவர் செய்கிற அதே வேலை. உணவு என்பது நேரத்தில் நிகழ்கிற ஒன்று என்பது இசை தெரிந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு சாலையில் உள்ள எல்லாக் கடைகளிலும் சாப்பிட்டார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: சாப்பிடுவது என்று கிளம்பினார். தன் இருபது வயதுகளின் தொடக்கத்தில், வேலை சலித்துப்போன ஒரு கட்டத்தில். பிகோ பூல்வார்டு என்ற அந்தச் சாலை நகர மையத்திலிருந்து கடற்கரை வரை சுமார் 25 கிலோமீட்டர் ஓடுகிறது. எல் சால்வடோர்க்காரர்களின் புபூசா (உள்ளீடு வைத்த சோள ரொட்டி) கடை, குவாத்தமாலா, ஓஹாகா, கொரியா, யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் கடை, ஈரானியர்கள் என்று சில தெருக்களுக்கு ஒருமுறை நாடே மாறும். மற்றவர்கள் காரில் கடந்துபோன சாலையை இவர் வாயால் அளந்தார். முழுக்க முடித்தாரா என்று கணக்குப் பார்ப்பது கிரிவலம் போனவரிடம் எத்தனை அடி வைத்தீர்கள் என்று கேட்பது போல.

கேள்வி: அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் போகிறேன். முதலில் எந்த உணவகம்?

பதில்: மேலே முதல் பத்தியைப் படிக்கவும்.

கேள்வி: அவர் நடையில் அப்படி என்ன விசேஷம்?

பதில்: முன்னிலை. 'நான் சாப்பிட்டேன்' என்று பெரும்பாலும் எழுத மாட்டார். 'நீங்கள் இந்தக் கடையில் ஏற்கனவே நாலு முறை சாப்பிட்டிருப்பீர்கள்' என்கிற தோரணையில் எழுதுவார். நீங்கள் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டீர்கள். படித்து முடிக்கும்போது போகாதது வெட்கமாக இருக்கும். இதைப் பார்த்து நகல் எடுக்காதீர்கள். அவர் ஒரு கடைக்குப் பலமுறை போய்விட்டு எழுதினார்; நீங்கள் ஒருமுறை போய்விட்டு 'நீங்கள்' என்று எழுதினால் விளம்பரம் போல இருக்கும்.

கேள்வி: ஒரு வெள்ளைக்காரர் குடியேறிகளின் உணவைக் 'கண்டுபிடித்தார்' என்று புகழ்வது கொலம்பஸ் கதைதானே?

பதில்: 'கண்டுபிடித்தார்' என்று நான் எங்கும் சொல்லவில்லை, சொல்கிறவர்களோடு எனக்கும் சண்டை உண்டு. கோல்ட் அந்த ஊரிலேயே பிறந்த யூதர். கப்பல் ஏறி வந்து கொடி நடவில்லை. தன் ஊரைச் சுற்றிப் பார்த்தார். 'மெக்சிகோ உணவு' என்று மொட்டையாகச் சொன்ன காலத்தில் எந்த மாநிலம் என்று கேட்டவர். நம்மிடம் ஒருவர் 'தென்னிந்திய உணவு' என்றால் செட்டிநாடா, கொங்குநாடா என்று திருப்பிக் கேட்போமே, அந்த மரியாதை.

கேள்வி (அதே நண்பர்): மரியாதை சரி. அவர் எழுதிய பிறகு வாசலில் வரிசை. பழைய வாடிக்கையாளர் எங்கே போவார்?

பதில்: இதை மறுக்க மாட்டேன். பத்திரிகையில் பெயர் வந்த கடை வாசலில் கால் கடுக்க நின்றவன் நான். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவரையும் கேளுங்கள். அவருக்கு அந்த வரிசை மகனின் கல்லூரிக் கட்டணம்.

கேள்வி (இன்னொருவர், இடையில் புகுந்து): அப்படியானால் விமர்சகர் வியாபாரத் தரகரா?

பதில்: ஐயா, தரகர் கமிஷன் வாங்குவார். கோல்டின் கட்டுரைக்குள் நீங்கள் முதலில் பார்ப்பது தட்டை அல்ல, கடை இருக்கும் தெருவை. யார் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தார்கள், ஏன் இந்த மூலையில் கடை போட்டார்கள் என்பது தெரிந்த பிறகுதான் சாதம் பரிமாறப்படும். 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' இதழுக்காக 2013 முதல் போட்ட 101 உணவகப் பட்டியலில் டாக்கோ (மடித்த மெக்சிகோ ரொட்டி) விற்கும் வண்டியும் மேசைவிரிப்பு போட்ட உணவகமும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. தரகருக்கு அது கட்டுப்படியாகாது. இந்த வழக்கை இதோடு முடித்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: மாறுவேடத்தில் போவாராமே?

பதில்: பெயரை மறைத்து முன்பதிவு செய்வது அந்த ஊர் விமர்சகர்களின் வழக்கமாக இருந்தது. 2015 ஜனவரியில் அவர் முகத்தை வெளிப்படையாகவே காட்டிவிட்டார். பெரிய உருவம், நீண்ட தலைமுடி, கால்சட்டையைத் தாங்கும் தோள்வார். அதற்கு முன்பும் யார் ஏமாந்தார்கள் என்று தெரியவில்லை.

கேள்வி: தமிழ்நாட்டின் ஜோனதன் கோல்ட் யார்?

பதில்: கடந்து செல்கிறேன்.

கேள்வி: எப்போது இறந்தார்?

பதில்: 2018 ஜூலை 21, கணையப் புற்றுநோய். நோய் தெரிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 58ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் பாக்கி. அந்தப் பிறந்தநாள் இரவில் நகர மண்டபம் உட்படப் பல கட்டடங்களில் பொன்னிற விளக்கு எரிந்தது. கோல்ட் என்ற பெயருக்காக. விமர்சகருக்கு ஒரு நகரம் விளக்கேற்றியதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கேள்வி: சார், பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு கடை?

பதில்: இதைக் கேட்கும் ஐந்தாவது ஆள் நீங்கள். சரி, கொரியாடவுனில் கெலகெட்சா. கறுப்பு மோலே. ஒருமுறை போய்விட்டு எனக்கு எழுத வேண்டாம்.