தனியாளா சம்மர் சால்ஸ்டிஸ் கொண்டாடினா செல்லுமா?

சம்மர் சால்ஸ்டிஸ்னா வருஷத்துலயே பகல் ரொம்ப நீளமா இருக்கிற நாள், இயற்கைய வழிபடற பேகன்களுக்கு அது ஒரு பண்டிகை. ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "பேகன் வழிக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகுது, சேர்ந்து சடங்கு பண்ண கோவன்னு ஒரு குழு எதுவும் இல்ல, சின்ன ரூம், லீவும் கிடைக்காது. சால்ஸ்டிஸ தனியா கொண்டாடினா செல்லுமா? கரெக்டா அந்த நாள்லயே பண்ணணுமா? என்னென்ன வாங்கணும்?"

செல்லும்ங்க, தாராளமா செல்லும். நிறைய பேர் மனசுல இருக்கிற பயம் என்னன்னா, ஏதோ ஆதிகாலத்துலேர்ந்து மாறாம வர்ற முறை ஒண்ணு இருக்கு, அத நாம தப்பா பண்ணிடுவோம்னு. இந்தப் பண்டிகைய இப்ப லிதான்னு சொல்றாங்க, அந்தப் பேரையே எடுத்துக்கங்க, அது 8ஆம் நூற்றாண்டுல பீட்ங்கிற துறவி குறிச்சு வச்ச பழைய ஆங்கில மாசப் பேரு, அத இந்தப் பண்டிகைக்கு வச்சது எய்டன் கெல்லிங்கிற அமெரிக்க பேகன் எழுத்தாளர், அதுவும் 1970கள்லதான். மிட்சம்மருக்கு, அதாவது இந்த நடுக்கோடை நாளுக்கு, நெருப்பு மூட்டறது பழசுதான், ஆனா இப்ப நாம பண்ற சடங்கோட வடிவம் புதுசு, அதனால உங்க ரூமுக்கு ஏத்த மாதிரி அமைச்சுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

நாள் பத்தி. வடக்கு அரைக்கோளத்துல ஜூன் 20லேர்ந்து 22க்குள்ள வரும், தெற்குல இருந்தா டிசம்பர்ல. லத்தீன்லேர்ந்து வந்த சால்ஸ்டிஸ்ங்கிற சொல்லுக்கே சூரியன் நிக்குதுன்னுதான் அர்த்தம், அந்த நாளுக்கு முன்ன பின்ன ரெண்டு மூணு நாள் சூரியன் உதிக்கிற இடம் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு நகராது. அதனால வேலை நாள்ல வந்தா பக்கத்துல வர்ற லீவு நாள்ல பண்ணுங்க, சூரியன் அங்கயேதான் நின்னுட்டு இருக்கும்.

சாமான் விஷயத்துல நான் என் முதல் வருஷத்துல செஞ்ச தப்ப சொல்லிடறேன். துணி, மூலிகை, கிண்ணம், நாலு மெழுகுவத்தின்னு ஆல்டர்ங்கிற பூஜை மேடைய அலங்காரம் பண்ணி, காத்துல அணைஞ்ச திரிய திரும்பத் திரும்ப பத்த வச்சுட்டு நிமிர்ந்து பாத்தா சூரியன் மறைஞ்சு போச்சு, யாருக்காக இத்தனையும் பண்ணேனோ அத நான் பாக்கவே இல்ல. அன்னைக்கு ரொம்ப அழுதேன். அப்புறம் ஒரு மெழுகுவத்தி, ஒரு குச்சி, ஒரு நோட்டு, இவ்வளவுதான்.

குச்சி எதுக்குன்னா, இதுதான் எனக்கு உயிரான பகுதி. வெயில் விழற ஜன்னல் மேடையோ மொட்டை மாடியோ போதும், பென்சில் அளவு குச்சிய நேரா நிறுத்தி, நடுப்பகலை ஒட்டி நிழலோட நுனிய அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா சாக்பீஸால குறிங்க. கடிகாரத்துல 12 அடிக்கிறதும் சூரியனோட உச்சியும் பெரும்பாலும் ஒத்துப் போகாது, அதனால புள்ளிங்க குச்சிய நெருங்கி வந்து பிறகு விலக ஆரம்பிக்கிற வரைக்கும் பொறுமையா இருங்க. நீங்க கடக ரேகைக்கு வடக்க இருந்தா அந்த நெருக்கமான புள்ளிதான் வருஷத்துலயே குட்டையான மதிய நிழல், அந்த ரேகைக்கும் பூமத்திய ரேகைக்கும் நடுவுல இருந்தா நிழல் தெக்குப் பக்கமா விழும். பூமி 23.4 டிகிரி சாஞ்சிருக்கிறத உங்க விரலுக்குக் கீழயே பாக்கறீங்க, அந்த இடத்துல நின்னு சூரியனுக்கு நன்றி சொல்லுங்க, உங்க சொந்த வார்த்தையில. சூரியன நேரா மட்டும் பாக்காதீங்க.

சாயங்காலம் மெழுகுவத்திய ஏத்தி, இந்த வருஷத்துல முழுசா மலர்ந்தது எது, இனி மெதுவா விட வேண்டியது எதுன்னு நோட்டுல எழுதுங்க, நாளைலேர்ந்து பகல் குறையப் போகுது இல்லையா. திரைச்சீலைய விட்டு தள்ளி வைங்க, தூங்கறதுக்கு முன்னாடி அணைச்சிடுங்க.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்கிற மஞ்சள் பூ மூலிகை கிடைச்சா பூவா கட்டித் தொங்க விடுங்க, டீ போட்டுக் குடிக்க வேணாம். மன அழுத்த மருந்து, கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க எடுக்கிற மருந்து எல்லாத்தோடயும் அது மோதும்.

சால்ஸ்டிஸோட துல்லியமான நிமிஷம் நடுராத்திரியில வந்தா முழிச்சிருக்கணுமான்னும் சிலர் கேப்பாங்க. வேணாம், தூங்குங்க, சூரியன் உதிக்கிறதப் பாக்கணும்னா விடியறதுக்கு அரை மணி முன்னாடி அலாரம் வச்சா போதும்.