மூன்று ஏஆர்ஜிபி விசிறிகளை மதர்போர்டில் எங்கே செருகுவது?

ஏஆர்ஜிபி என்றால் ஒவ்வொரு எல்இடியின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய விளக்கு. ஒவ்வொரு விசிறியிலிருந்தும் இரண்டு வயர் வருவதுதான் உங்களைக் குழப்புகிறது. ஒன்று மோட்டாருக்கு, மற்றது விளக்குக்கு.

மோட்டாரின் 4 பின் வயரை 'சிஸ் ஃபேன்' அல்லது 'சேஸிஸ் ஃபேன்' ஹெடரில் (மதர்போர்டில் வயர் செருகும் பின் வரிசையில்) செருகுங்கள். ஒரு ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும். விசிறியின் லேபிளில் 0.3 ஆம்பியர் என்றிருந்தால் மூன்றையும் ஒரு ஹெடரைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வயரில் சேர்க்கலாம். மொத்தம் 1 ஆம்பியருக்கு மேல் போனால், பவர் சப்ளையின் சாட்டா வயரிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஹப் வாங்குங்கள். ஸ்ப்ளிட்டரில் ஒரு விசிறியின் வேகம்தான் பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரையில்) தெரியும், அது கோளாறல்ல.

விளக்கு வயரில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஏஆர்ஜிபி என்பது 5 வோல்ட், 3 பின். பக்கத்திலேயே இருக்கும் 4 பின் ஹெடர் சாதாரண ஆர்ஜிபி விளக்குக்கானது, அது 12 வோல்ட். சில பிளக்குகள் அதிலும் நுழைந்துவிடும். செருகி ஆன் செய்தால் எல்இடிகள் கருகும், திரும்ப வராது. போர்டில் அச்சிட்டிருக்கும் '5 வோல்ட்' எழுத்தை டார்ச் அடித்தாவது பாருங்கள். பிளக்கிலுள்ள அம்புக்குறி 5 வோல்ட் பின் பக்கம் இருக்க வேண்டும்.

விளக்கு வயர்களை ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோர்த்ததில் முதல் விசிறியின் விளக்கு மட்டும் எரிந்தால், அடுத்த இணைப்பில் உள்ளீடும் வெளியீடும் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்த வயரை மாற்றினாலும் மின்சாரத்தை அணைத்துவிட்டே செய்யுங்கள்.