புது கன்சோலை வந்த அன்றே வாங்கலாமா?

கேள்வி இது: "2021-இல் வாங்கிய பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) வீட்டில் இருக்கிறது, டிஸ்க் பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டது. அடுத்த தலைமுறை கன்சோல் வந்தால் முதல் நாளே புக் பண்ணலாமா, பொறுத்தால் விலை இறங்குமா? ஊர் கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டில் வாங்குவதா, கோயம்புத்தூர் போவதா? மாமா துபாயில் இருக்கிறார், அவரிடம் சொல்லிவிடலாமா?"

வந்த அன்றே வேண்டாம். இந்தியாவில் விற்பனை தொடங்கி எட்டுப் பத்து மாதம் போகட்டும். ஆனால் விலை இறங்கும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அந்தக் கணக்கு இப்போது செல்லாது.

ஒரு காலத்தில் செல்லுபடியானதுதான். 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்த நின்டெண்டோ 3டிஎஸ், ஆகஸ்டிலேயே 169.99-க்கு இறங்கியது. முதலில் வாங்கியவர்களின் வயிற்றெரிச்சலைத் தணிக்க 20 பழைய கேம்களைச் சும்மா கொடுத்தார்கள். 2013 நவம்பரில் 499 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன், கினெக்ட் கேமராவைக் கழற்றிவிட்டு ஏழே மாதத்தில் 399-க்கு வந்தது. பிஎஸ்5-இல் நடந்தது நேர்மாறு. 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி இந்தியாவில் டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். 2022 நவம்பரில் 54,990. 2023-இல் சலுகை விலையாக 7,500 தள்ளிக் கொடுத்தபோது 47,490. ஆக, இரண்டரை வருஷம் பொறுத்தவருக்கு மிச்சம் 2,500 ரூபாய், அதுவும் சலுகை ஓடிய நாட்களில் கடைக்குப் போயிருந்தால்தான். அமெரிக்காவிலோ 2025 ஆகஸ்டில் 499.99-லிருந்து 549.99 ஆக ஏற்றினார்கள், ஐந்து வருஷப் பழைய மெஷினுக்கு!

பொறுக்கச் சொல்வதற்கு முதல் காரணம் கேம். 2020-இல் பிஎஸ்4 வைத்திருந்தவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பெரிய கேம்கள் எல்லாம் அவருக்கும் வந்தன: 2022 பிப்ரவரியில் ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட், மார்ச்சில் கிரான் டுரிஸ்மோ 7, நவம்பரில் காட் ஆஃப் வார் ரக்னராக். மூன்றுமே இரண்டு கன்சோலிலும் ஓடின. பிஎஸ்5-இல் மட்டும் என்றால் டீமன்ஸ் சோல்ஸ், ரிட்டர்னல், ராட்செட் அண்ட் கிளாங்க் என்று விரல்விட்டு எண்ணலாம். அதனால் புது கன்சோலின் கேம் பட்டியல் வந்ததும் ஒன்று செய்யுங்கள். பழைய மெஷினுக்கும் வரும் பெயர்களை அடித்துவிடுங்கள். மிஞ்சியதில் நீங்கள் உண்மையிலேயே உட்கார்ந்து ஆடப்போவது மூன்று பெயராவது இருந்தால் வாங்கும் நேரம் வந்துவிட்டது. ஒன்றுதான் என்றால் அந்த ஒரு கேமுக்காகக் கன்சோலின் முழு விலையையும் கொடுக்கிறீர்கள்.

இரண்டாவது, முதல் நாள் மெஷின் அரைவேக்காடாகத்தான் வரும். பிஎஸ்5-இல் கூடுதல் சேமிப்புக்கான எம்.2 எஸ்எஸ்டி துளை முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது, வேலை செய்யத் தொடங்கியது 2021 செப்டம்பர் அப்டேட்டில். 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் கேமுக்குக் கிடைத்தது சுமார் 667 ஜிபிதான். பிஎஸ்5 கேமை வெளி யுஎஸ்பி டிரைவில் தள்ளிவைக்கக்கூட 2021 ஏப்ரல் வரை வழியில்லை. தள்ளிவைத்தாலும் அங்கிருந்து ஆட முடியாது, திரும்ப உள்ளே இழுக்க வேண்டும். விஆர்ஆர் (டிவியின் வேகத்தைக் கேமின் வேகத்தோடு ஒத்துவைக்கும் வசதி) வந்தது 2022 ஏப்ரலில், 1440பி மானிட்டர் ஆதரவு அதே வருஷம் செப்டம்பரில். இப்போது உங்கள் பிஎஸ்5-இல் எஸ்எஸ்டி போடுவதாக இருந்தாலும் கவனியுங்கள்: வினாடிக்கு 5,500 எம்பி வேகம் வேண்டும், ஹீட்சிங்க்கோடு (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) சேர்த்து உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கேமிங் என்று பெயர் போட்ட தடித்த ஹீட்சிங்க் வாங்கிவிட்டு மூடி உட்காராமல் முழிப்பவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது, வடிவமைப்புக் கோளாறு முதல் நாள் தெரியாது. எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது 2005 நவம்பரில். சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போகும் கோளாறுக்கு வாரண்டியை மைக்ரோசாஃப்ட் மூன்று வருஷமாக நீட்டியது 2007 ஜூலையில்தான், ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2017-இல் வந்தது. 2019-இல் சத்தமில்லாமல் சிப்பை மாற்றினார்கள், இரண்டரை மணியிலிருந்து ஆறரை மணி வரை நின்ற பேட்டரி நாலரையிலிருந்து ஒன்பது மணி வரை நின்றது. விலை அதேதான். இதற்கு மாறாக நடப்பதும் உண்டு. பிஎஸ்3-இன் முதல் 60 ஜிபி மாடலில் பிஎஸ்2 கேம் ஓடியது, பின்னால் வந்த 40 ஜிபி மாடலில் அதை எடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் 2025-இல் வந்த திருத்திய டிஜிட்டல் பிஎஸ்5-இல் 1 டிபி மீண்டும் 825 ஜிபி ஆனது. எனவே பழைய டிஸ்க் ஓடுமா என்பது உங்களுக்கு முக்கியமென்றால், முதல் மாடலில் இருந்த வசதி இரண்டாவது மாடலிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பொறுங்கள். டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் பத்தாயிரம் குறைவாக வந்தாலும் அந்தப் பத்துப் பன்னிரண்டு டிஸ்க்கும் வெறும் தட்டுதான். புது கேம் டிஸ்க் 4,999 ரூபாய்க்கு வாங்கி, ஆடி முடித்து 2,500-க்குக் கைமாற்றினால் நாலு கேமில் அந்தப் பத்தாயிரம் வந்துவிடும். டவுன்லோடு கேமைக் கைமாற்ற முடியாது. இன்னொன்று, 100 ஜிபி கேம் 50 எம்பிபிஎஸ் ஃபைபரில் இறங்க நாலரை மணி நேரம். நாளுக்கு 2 ஜிபி மொபைல் டேட்டா என்றால் ஐம்பது நாள்.

பாலக்காடா கோயம்புத்தூரா என்பது இப்போது பெரிய கேள்வியே இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வாளையார் வரிச் செக்போஸ்ட் ஓய்ந்தபிறகு இரண்டு பக்கமும் ஒரே வரி. 2019 ஆகஸ்டிலிருந்து 2021 ஜூலை வரை கேரளத்தில் ஒரு சதவீதப் பிரளய செஸ் (வெள்ள நிவாரணக் கூடுதல் வரி) இருந்தது, அதுவும் போய்விட்டது. எம்ஆர்பி ஒன்றுதான். எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் போவது கூடுதல் ஸ்டாக் இருக்கிறது என்பதற்காக மட்டும் இருக்கட்டும். எந்தப் பக்கம் வாங்கினாலும் பில்லில் கன்சோலின் சீரியல் நம்பர் அச்சாகியிருக்க வேண்டும், பெட்டியில் இருப்பதும் மெஷினின் பின்னால் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். "அட்வான்ஸ் கொடுங்க, வந்ததும் கூப்பிடறோம்" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஸ்டாக் தட்டுப்பாட்டு நாட்களில் இரண்டு கேமும் ஒரு கூடுதல் கன்ட்ரோலரும் சேர்த்துத்தான் தருவோம் என்பார்கள். அந்த நாலு பொருளின் எம்ஆர்பியைத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள், கூட்டுத்தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் திரும்பிவிடுங்கள்.

துபாய் மாமா விஷயத்தில் மின்சாரம் பிரச்சினை இல்லை, பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். கேம் டிஸ்க்கும் எந்த நாட்டு மெஷினிலும் ஓடும். இடிப்பது வேறு நாலு இடத்தில். வாரண்டி வாங்கிய நாட்டில்தான். அங்கத்திய டிஸ்க்குக்கு இந்திய அக்கவுண்டில் வாங்கும் டிஎல்சி (கேமுக்குத் தனியாக விற்கும் கூடுதல் பகுதி) சேராமல் போகலாம். ப்ளூரே படம் பார்ப்பவரென்றால் வளைகுடா பி மண்டலம், நாம் சி மண்டலம், ஒரு மண்டலத்துக்கெனப் பூட்டிய படம் மற்றதில் ஓடாது. விமானத்தில் கொண்டுவரும்போது சுங்க வரம்பைத் தாண்டினால் வரியும் உண்டு. நின்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை, ஆகவே அதை வாங்குவதானால் மட்டும் மாமா வழி நியாயம். அதிலும் 2025-இல் ஜப்பானில் 49,980 யென்னுக்கு வந்த உள்நாட்டு ஸ்விட்ச் 2-ஐத் தொடவேண்டாம். அதில் மொழி ஜப்பானியம் மட்டும், அக்கவுண்டும் ஜப்பான் அக்கவுண்டு மட்டும். அப்போது 69,980 யென்னுக்கு வந்த பன்மொழி மாடல்தான் மற்ற மொழிகளும் பேசும்.

சில சமயம் பொறுப்பதும் நம் கையில் இருக்காது. 2020 நவம்பரில் உலகம் வாங்கிய பிஎஸ்5 நமக்கு வந்தது அடுத்த பிப்ரவரியில். 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோ, அதன் வைஃபைக்குத் தேவையான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால் அப்போது இந்தியாவுக்கு வரவே இல்லை.

இனி, உங்கள் ஊருக்கென்றே ஒன்று. சோனி, மைக்ரோசாஃப்ட் கன்சோல்கள் பெரும்பாலும் நவம்பரில் வரும். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடியும் சாயங்காலமானால் அப்போதுதான். உங்கள் பிஎஸ்5-இன் பவர் கேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: எட்டு வடிவ முனை, இரண்டு கம்பி, எர்த் கிடையாது. மூன்று முள் ஸ்பைக் பஸ்டரில் செருகிவிட்டோம் என்ற நிம்மதிக்கு அர்த்தமில்லை (கடையில் ஸ்பைக் பஸ்டர் என்று கொடுப்பதில் பாதி வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்பது வேறு). அதைவிட, மின்னல் பவர் வழியாக மட்டும் வருவதில்லை. மொட்டைமாடி டிஷ் ஆன்டெனாவின் கேபிள், அங்கிருந்து செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து டிவி, டிவியிலிருந்து எச்டிஎம்ஐ கம்பி வழியாகக் கன்சோலின் எச்டிஎம்ஐ ஐசி (சிப்): இதுதான் அது நடக்கும் பாதை. கன்சோல் ஆஃப் ஆகியிருந்தாலும் கம்பி இணைந்தே இருக்கிறது. எனவே வானம் இருண்டதும் கன்சோல், டிவி, செட்டாப் பாக்ஸ் மூன்றின் பிளக்கையும் பிடுங்கி, செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். லேன் கம்பி போட்டிருந்தால் அதையும். எச்டிஎம்ஐயைக் கன்சோல் பக்கம் தினமும் பிடுங்க வேண்டாம், அந்தத் துளையின் முள் வளைந்து அதுவே ஒரு ரிப்பேராகும்.

மின்னலடித்துப் போன கன்சோல் இப்படி இருக்கும்: பீப் கேட்கும், வெள்ளை விளக்கு எரியும், டிவியில் படம் வராது. பிஎஸ்5 என்றால் பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும்வரை, ஏழு வினாடி போல, அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு. கன்ட்ரோலரை யுஎஸ்பி கம்பியில் இணைத்தால்தான் அங்கே நகர முடியும். வேறு கேபிள், வேறு டிவி போட்டும் சேஃப் மோடுகூடத் தெரியவில்லை என்றால் எச்டிஎம்ஐ துளையோ ஐசியோ போய்விட்டது. மின்னல் சேதம் வாரண்டியில் வராது. வந்து சில வாரமேயான மாடலுக்கு வெளியே பார்க்கும் மெக்கானிக்கிடம் ஐசியும் இருக்காது, அனுபவமும் இருக்காது. ஒரு வருஷத்தை நெருங்கிய மாடலுக்கு இரண்டும் இருக்கும். எட்டுப் பத்து மாதம் என்று சொன்னதற்குப் பெரிய காரணம் இதுதான்.

கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) கரண்ட் போய் வருவதற்கு யூபிஎஸ் வைப்பதானால், 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட். கன்சோல் ஆடும்போது 200 வாட் போல இழுக்கும், டிவி 100 போனால் ஓரத்தில்தான் நிற்கும். ஆடி முடிக்க அல்ல, சேவ் பண்ணி அணைக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதியும் உண்டு, சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டு வையுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் கூடவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மூன்று கேம் கணக்கு தேறி முதல் நாளே வாங்குகிறீர்கள் என்றால், பெட்டி உடைப்பதை ஒரே தடவையில் வீடியோ எடுங்கள். அப்டேட் முடிந்ததும் டிஸ்க் போட்டு நாலு தடவை வெளியே எடுத்துப் பாருங்கள். இருப்பதிலேயே கனமான கேமை இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். கன்ட்ரோலரை மேஜையில் தொடாமல் வைத்து, கேமில் கேமரா தானாக நகர்கிறதா என்று கவனியுங்கள். எல்லா யுஎஸ்பி துளையிலும் ஏதாவது செருகுங்கள். ராத்திரி ரெஸ்ட் மோடில் (முழுதாக அணைக்காமல் தூங்கவைக்கும் நிலை) விட்டு, காலையில் எழுந்திருக்கிறதா பாருங்கள். பிஎஸ்5 வந்த புதிதில் அங்கேதான் பல மெஷின் படுத்தது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் ஏழு நாள், அதனால் இதெல்லாம் முதல் சனி ஞாயிறிலேயே முடிய வேண்டும், ஞாயிறு சாயங்காலம் இடி தொடங்குவதற்குள்.