இட்லி உங்களுடையது, வரவு தம்பியுடையது

கேள்வி: திண்டுக்கல்லில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். கணவரைப் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. என் வங்கிக் கணக்கில் இன்னும் அவருடைய செல் நம்பர்தான். அதனால் வண்டியில் தம்பியின் க்யூஆர் அட்டையை மாட்டியிருக்கிறேன். தினம் 1,200 ரூபாய் வரை அதில் விழும். முத்ரா கடன் 50,000 கேட்டால், ‘கணக்கில் வரவே இல்லையே’ என்கிறார்கள். தண்டலில் 8,500 வாங்கி, தினம் 100 வீதம் 100 நாள் கட்டுகிறேன். தம்பிக்குப் போன வருடம் பைக் லோன் உடனே கிடைத்தது. ஆப்பில் எனக்கும் கடன் வாங்கித் தருகிறேன் என்கிறான். வாங்கலாமா?

பதில்: ஆப் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் கடன் என்றாலே எனக்கு எரிச்சல் வரும், விட்டுவிடுவோம்.

தண்டலில் 1,500 தானே போகிறது என்று நினைப்பீர்கள். தினமும் கட்டிக்கொண்டே வருவதால் சராசரியாக உங்கள் கையில் நிற்பது 4,250 தான். அதற்கு 100 நாளில் 1,500 என்றால், ஆண்டுக்குச் சுமார் 130 சதவீதம்.

ஆனால் உங்களைத் தண்டல்காரரிடம் நிறுத்தியிருப்பதே அந்த க்யூஆர் அட்டைதான். மாதம் 26 நாள் கடை என்றாலும் 31,200, வருடத்துக்கு 3.7 லட்சம். வங்கியைப் பொறுத்தவரை இட்லி விற்பது உங்கள் தம்பி! அவர் பைக் லோனில் உங்கள் சட்னிக்கும் பங்கு இருந்திருக்கலாம். அட்டையைக் கழற்றினால் அவர் முகம் சுளிக்கலாம். ‘வருமான வரியில் கேள்வி வந்தால் நீதான் பதில் சொல்லணும்’ என்று சொல்லிப் பாருங்கள், சரி என்றுவிடுவார்.

ஆதாரிலும் கணவர் நம்பர் இருந்தால், முதலில் ஆதார் மையத்தில் மாற்றுங்கள். கைரேகை போதும், பழைய நம்பருக்கு ஓடிபி போகாது. அப்புறம் பாஸ்புக்கோடு வங்கிக் கிளைக்குப் போய் அங்கேயும் நம்பரை மாற்றுங்கள். கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் கணவர் கையெழுத்து தேவையில்லை. கூட்டுக் கணக்கு என்றால் அதோடு மல்லுக்கட்டாமல், உங்கள் பெயரில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்குங்கள். புது க்யூஆர் அந்தக் கணக்குக்கு.

ஆறு மாத வரவு சேர்ந்ததும் முத்ராவுக்கு மறுபடி போங்கள். அதற்குள் மாநகராட்சியில் சாலையோர வியாபாரி அட்டை வாங்கினால், சாலையோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுக் கடன் திட்டமான பிஎம் ஸ்வநிதியில் முதல் தவணையாக 15,000 வரை கேட்கலாம். ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உண்டு. இப்போதைய தண்டலைக் கட்டி முடியுங்கள். பாதியில் ‘புதுசா எழுதிக்கலாம்மா’ என்று தண்டல்காரர் புதுக் கடனை நீட்டினால் மட்டும் வாங்காதீர்கள்.