வெள்ளைக் கழிச்சல்: ஊசி எப்போது போடுவது?

கேள்வி: பக்கத்து வீட்டுக் கோழிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிச் சாகின்றன. போன கோடையில் எங்கள் கோழிகளும் இப்படித்தான் போயின. சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தால் போதும், கருப்பருக்கு நேர்ந்துவிட்ட சேவலுக்கு ஊசியே குத்தக் கூடாது என்கிறார் மாமியார். என்ன செய்ய?
- வாசகி ஒருவர், பள்ளத்தூர்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வெள்ளைக் கழிச்சல்தான் சகோதரி, டாக்டர்கள் ராணிக்கெட் என்பார்கள். வைரஸ் நோய், வந்தபின் குணமாக்க மருந்தே இல்லை. கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. வெங்காயமும் மஞ்சளும் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் தடுப்பூசிக்குப் பதிலாக இல்லை.

இன்றிலிருந்து கோழிகளை வெளியே விடாதீர்கள். அந்த வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுக் கால் கழுவட்டும், எச்சம் ஒட்டிய கால் வழியாகவே நோய் கொல்லைக்குள் வந்துவிடும். நாளைக் காலையிலேயே ஊசி போடக் கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள், பஞ்சாரத்தைத் திறந்துவிட்டால் அப்புறம் ஒன்றையும் பிடிக்க முடியாது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நோய் உள்ளே புகுந்து வெளியே தெரிய 2 முதல் 15 நாள் வரை ஆகலாம், ஊசியின் பலன் கிடைக்கவும் பத்துப் பதினைந்து நாள் வேண்டும். அதனால் ஏற்கெனவே தொற்றியிருந்த கோழி ஊசிக்குப் பிறகும் சாகலாம். ஊசி போட்டதால்தான் செத்தது என்று ஊரில் பேச்சு கிளம்பி, அடுத்த தடுப்பூசி முகாமுக்குப் பாதிப் பேர் கோழியைக் காட்டாமலே இருந்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, லசோட்டா என்று கேளுங்கள். சொட்டு உள்ளே இறங்கும்வரை குஞ்சைக் கையிலேயே வைத்திருங்கள். நான்காம் வாரம் இன்னொரு முறை, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில், வெயில் ஏறும் முன்னே, அரசு இலவசமாக முகாம் நடத்துகிறது, அதைத் தவற விடாதீர்கள். மருந்தை வாங்கி வந்தால் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள், சூடுபட்டால் வீண்.

நேர்ந்துவிட்ட சேவலுக்கு அவசியம் போட வேண்டும். கேட்பாரில்லாமல் தெருத்தெருவாக மேய்வது அதுதான், நோயை வாங்கி வருவதும் அதுவாகத்தான் இருக்கும். கருப்பருக்குக் கொடுக்கிற சேவல் நோயில்லாமல் இருக்க வேண்டாமா என்று மாமியாரிடம் கேளுங்கள்.

பக்கத்து வீட்டாரிடமும் பேசுங்கள். வாடுகிற கோழியை வந்த விலைக்குச் சந்தையில் தள்ளுவதுதான் எனக்கு ஆத்திரம் வருகிற விஷயம், நாலு ஊர்க் கோழி அதனால் சாகிறது. செத்ததை ஊருணிக் கரையில் வீசினால் நாயும் காக்கையும் இழுத்துப் போகும். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் சொல்லுங்கள். நீங்களும் இனிச் சந்தையில் கோழி வாங்கினால் இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டிவைத்துப் பார்த்துவிட்டு மற்றதோடு விடுங்கள்.