குர்த்தி தீர்ந்தது, எண்ணெய் தேங்கியது – கடிதம்

வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிறிய கடை வைத்திருக்கிறேன். புதுச்சேரி யூடியூபர் ஒருவருக்குப் பணம் கொடுத்து காட்டன் குர்த்தியையும் மூலிகைத் தலை எண்ணெயையும் ஒரே வீடியோவில் காட்டச் சொன்னேன். குர்த்தி தீர்ந்துவிட்டது. எண்ணெயைச் சீந்துவாரில்லை. 'சூப்பர்' என்று கமென்ட் போட்டவர்கள்கூட வாங்கவில்லை. ஏன்?

எம்., கடலூர்

அன்புள்ள எம்.,

குர்த்தி நாலு பேர் பார்க்க உடுத்துவது. கல்லூரி பஸ்ஸில் 'எங்கடி எடுத்தே?' என்று ஒருத்தி கேட்டால் அடுத்த விற்பனை நடந்துவிடும். பிறர் கண்ணில் படும் பொருளுக்கும் படாத பொருளுக்கும் சுற்றியிருப்பவர்களின் பிடி எப்படி மாறுகிறது என்று பியர்டன், எட்ஸெல் என்ற சந்தை ஆய்வாளர்கள் 1982-லேயே ஆராய்ந்திருக்கிறார்கள்.

எண்ணெய் வீட்டுக்குள் தேய்ப்பது. 'கண்டதைத் தேய்ச்சா சளி பிடிக்கும்' என்று மாமியார் சொன்னால் வீடியோ அங்கேயே முடிந்தது. தேய்த்துப் பார்த்த தெரிந்தவர் ஒருவர் வேண்டும். ஆகவே 50 மில்லி பாட்டில்களை ஒரே தையல் வகுப்பிலோ ஒரே மகளிர் குழுவிலோ பத்துப் பேருக்குக் கொடுங்கள். ஊரெங்கும் பத்துப் பேருக்குக் கொடுத்தால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஆமோதிக்க ஆளிருக்காது. முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மூன்று மாதம் பொறுங்கள்.

'எனக்கு அரிச்சுது' என்று யாராவது எழுதினால் அழிக்காதீர்கள், சேர்மானத்தைச் சொல்லிப் பதில் போடுங்கள். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-ல் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்ன சோதனையில் பலர் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோது அப்படிச் சேர்வது வெகுவாகக் குறைந்தது. நூறு 'சூப்பர்'களுக்கு நடுவே அந்த ஒற்றை கமென்ட்டைத்தான் வீட்டில் படித்துக் காட்டுவார்கள்.

எதைப் பார்த்து வாங்க வந்தார்கள் என்று தெரிய, வீடியோவுக்கு ஒரு கூப்பன் சொல், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பும் ஒரு நிமிடத் துண்டுக்கு வேறு சொல், தையல் வகுப்புக்கு இன்னொன்று வையுங்கள். கல்லாவில் 'யார் சொன்னாங்க?' என்றும் கேளுங்கள். பக்கத்து வீட்டம்மா முடித்துவைத்த வியாபாரம் பல கடைகளில் யூடியூபர் கணக்கில்தான் ஏறுகிறது.

காசு கொடுத்த வீடியோ என்பதை வீடியோவிலேயே சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் அது. வழுக்கையில் முடி முளைக்கும் என்றெல்லாம் பேச விடாதீர்கள். தவறான விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

குர்த்தியிலும் ஒரு எச்சரிக்கை. ஒரே வகுப்பில் மூன்று பேர் ஒரே நிறத்தில் வந்து நின்றால் நாலாவது ஆள் வாங்கமாட்டாள். ஒரு டிசைனுக்கு ஐந்தாறு நிறமாவது எடுங்கள்.